நான்கு சுவர்களுக்குள் சொன்ன சொல்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை ஒட்டித் திருச்சி மாவட்டத்தின் ஓரத்தில் இலால்குடி இருக்கிறது. அவ்வூர்க் காவல் உட்கோட்டத்தில் எழுந்த வழக்கொன்று டில்லி வரை சென்று முடிந்தது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், பட்டா தொடர்பான தம் மனு என்னவாயிற்று என்று கேட்க ஒருவர் அரசு அலுவலகத்திற்குச் சென்றார். அங்கே பணியிலிருந்த வருவாய் ஆய்வாளர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். பேச்சு தடித்தது. வந்தவர் சாதிப் பெயரைச் சொல்லித் தம்மை இழித்துரைத்தார் என்று ஆய்வாளர் புகார் கொடுத்தார். உடன் பணியாற்றுவோர் மூவர் பின்னர் அறைக்குள் வந்து சமாதானம் செய்து அவரை அனுப்பி வைத்தனர் என்பதும் புகாரிலேயே உள்ளது. வழக்குப் பதிவாயிற்று, குற்றப்பத்திரிகையும் தாக்கலாயிற்று. அதனை ரத்துச் செய்ய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மறுத்தது. ஆனால் 2025 ஜனவரி 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்துவிட்டது. சொல் சொல்லப்பட்டதா இல்லையா என்னும் ஆராய்ச்சிக்குள் அந்நீதிமன்றம் புகவில்லை. சொல்லப்பட்டதாகவே கொண்டாலும், நான்கு சுவர்களுக்குள், பிறர் எவரும் இல்லாதபோது சொல்லப்பட்டது. ஆகவே சட்டம் கூறும் 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம்' அன்று என்பதே தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி இத்தீர்ப்பில் நாம் குறைகாண இடமில்லை. 1989-ஆம் ஆண்டின் தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவ்வாறுதான் எழுதப்பட்டிருக்கிறது. பலர் முன்னிலையில் ஒருவரைச் சிறுமைப்படுத்துவதையே அச்சட்டம் தண்டிக்கிறது. ஆயினும் அத்தீர்ப்பைப் படித்தபின் நெடுநாள் நம் மனத்தைவிட்டு ஒரு கேள்வி நீங்கவில்லை. கேட்டவர் ஒருவரே என்றால், அச்சொல் யாரையும் தொடாமல் சுவரில் பட்டு விழுந்துவிட்டதா?

இது வழக்கறிஞர்களுக்கு உரிய பொருள், நம் சமூக இதழில் இதற்கென்ன வேலை என்று அன்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். நாம் நிலமுடையோர். வந்தவாசியிலும் செஞ்சியிலும் திருவண்ணாமலைப் பக்கத்திலும் நம் குடும்பங்களுக்கு நஞ்சையும் புஞ்சையும் உண்டு. அந்நிலத்தில் நாற்று நடுவோரும் களையெடுப்போரும் எந்தத் தெருவினின்று வருகின்றனர் என்பது நாம் அறிந்ததே. அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம் என்பதும் நாம் அறிந்ததே.

நாம் பணியின் பொருட்டுப் பெரம்பலூரிலும் பின்னர் அரியலூரிலுமாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தோம். 1995-இல் திருச்சியினின்று பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதனின்று பிரிந்து, மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று அரியலூர். ஒருபுறம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். மறுபுறம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் முந்திரிக் காடுகளும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் மூவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். பெரம்பலூர்ச் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. அரியலூரையும் உள்ளடக்கிய சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதியே.

இத்தனையிருந்தும் கிராமத்தின் அமைப்பு மட்டும் எல்லா ஊர்களிலும் உள்ளதுபோன்றதே. ஊர் ஒருபுறம், காலனி ஒருபுறம். இரண்டுக்கும் இடையே ஒரு பர்லாங்கு இருக்கலாம். சில இடங்களில் ஓர் ஓடை மட்டுமே இருக்கும். பேருந்து நிற்குமிடம் ஊர்ப் பக்கம். நியாயவிலைக் கடை ஊர்ப் பக்கம். கூலி கொடுப்பவர் வீடும் ஊர்ப் பக்கம். காலனிப் பெண்ணொருத்தி காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பினால், அவள் இறங்கும் இடத்தில்தான் எதிர்த்தரப்பின் உறவினர் அனைவரும் அமர்ந்திருப்பர். அவர்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டுவதில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

பிணை பற்றிய சட்டத்தை இந்தப் பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்தால்தான் அது விளங்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முன்ஜாமீன் இல்லை என்கிறது. கொலைக் குற்றத்திற்கே முன்ஜாமீன் கேட்கலாம். ஒரு சொல்லுக்குக் கேட்கலாகாதா என்று பலர் வியப்பர். இதே வாதம் 1995-இல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இவ்வகைக் குற்றம் தீண்டாமையினின்று பிறப்பது. முன்ஜாமீன் பெற்று வெளியே உலவுவோர் பாதிக்கப்பட்டோரை அச்சுறுத்தவும் புலன்விசாரணையைத் தடுக்கவும் கூடும் என்று அது கூறிற்று. கொலையுண்டவனை மீண்டும் மிரட்ட முடியாது. இழிவுபடுத்தப்பட்டவளோ மறுநாள் காலை அதே பாதையில் தண்ணீர்க் குடத்துடன் நடந்தாக வேண்டும்.

இங்கே நம்மவரிடையே உள்ள ஒரு மயக்கத்தையும் நீக்கிவிடுவோம். இச்சட்டத்தில் பிணையே கிடையாது என்று திண்ணைகளில் பேசுகின்றனர். அது தவறு. கைதுக்கு முன் பெறும் பிணைக்கே தடை. கைதான பின் எவரும் பிணை கேட்கலாம், நீதிமன்றம் தரலாம். 2020 மே 23 அன்று இச்சட்டத்தின்கீழ்ச் சென்னையில் கைதான மாநிலங்களவை உறுப்பினர் ஆர்.எஸ். பாரதிக்கு அன்றைய தினமே இடைக்காலப் பிணை கிட்டியது. எல்லோருக்கும் அத்தனை விரைவில் கிட்டுமா என்பது வேறு வினா.

மறுபக்கத்தையும் நோக்கியே ஆகவேண்டும். ஒரு பொருளைப் பல கோணங்களினின்று காணப் பயின்றவர்கள் நாம். குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர். பொய்ப்புகார்கள் இல்லையென்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. வரப்புத் தகராறு, கடன் தகராறு, தேர்தல் பகை எல்லாம் சட்டத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு வருவதுண்டு. அறியாது சிறைப்பட்டவனின் ஒரு நாளும் இம்சையே; அவன் வீட்டார் அன்று உண்ணும் உணவும் கசக்கும். 2018 மார்ச் 20-ஆம் நாள் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கவலையைத்தான் முன்வைத்தது. அரசு ஊழியரைக் கைதுசெய்ய நியமன அதிகாரியின் அனுமதியும், பிறரைக் கைதுசெய்ய மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் அனுமதியும் வேண்டும். வழக்குப் பதியுமுன் முதற்கட்ட விசாரணை செய்யலாம். முகாந்திரமற்ற வழக்கில் முன்ஜாமீனும் தரலாம் என்றது. ஏப்ரல் 2-ஆம் நாள் வட மாநிலங்களில் கடையடைப்பும் கலவரமும் மூண்டு பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18-அ என்னும் புதுப்பிரிவைச் சேர்த்து அவ்விதிகளை நீக்கியது. 2019 அக்டோபர் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தானே அவ்வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பட்டியல் வகுப்பினர் மட்டும் பொய்ப்புகார் கொடுப்பவர் என்று கருதுவதற்கு இடமில்லை, பொய் மனித இயல்பின் குறை, சாதியின் குறை அன்று என்பது அம்மறுஆய்வுத் தீர்ப்பின் கருத்து. நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது இவ்விடமே.

2020 பிப்ரவரி 10-ஆம் நாள் 18-அ பிரிவு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அப்போதும் ஒரு சிறு சாளரம் திறந்தே வைக்கப்பட்டது: புகாரைப் படித்த அளவிலேயே குற்றத்திற்கு முகாந்திரம் இல்லையென்று தெரிந்தால் முன்ஜாமீன் தடை பொருந்தாது. அச்சாளரம் எவ்வளவு அகலம் என்பதே இன்று நாடெங்கும் பிணை மனுக்களில் நடக்கும் வழக்கு. 2024 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் தாராசிவ் மாவட்டத்தில், சட்டமன்றத் தேர்தலில் தாம் சொன்னபடி வாக்களிக்கவில்லை என்று ஒரு குடும்பத்தை வீட்டு வாசலில் சாதிப் பெயரால் ஏசி அடித்ததாக வழக்கு எழுந்தது. புகாரில் மிகைப்படுத்தல் இருப்பதாகக் கருதி உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் தந்தது. 2025 செப்டம்பர் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது. பிணை மனுவின்போதே சாட்சியங்களை எடைபோட்டுச் சிறு விசாரணை நடத்தலாகாது. வீட்டுக்கு வெளியே நடந்தது பிறர் காணத்தக்க இடத்தில் நடந்ததே என்றது. இலால்குடி வழக்கை ரத்துச் செய்த அமர்விலும், இந்த முன்ஜாமீனை ரத்துச் செய்த அமர்விலும் தலைமை வகித்தவர் ஒருவரே: நீதிபதி பி.ஆர். கவாய். நாட்டின் தலைமை நீதிபதியான இரண்டாவது தலித் அவர். சுவருக்கு உள்ளே என்றால் குற்றமில்லை, வாசலுக்கு வெளியே என்றால் முன்ஜாமீன் இல்லை. அக்கோட்டை இரு புறமும் பிறழாமல் பிடித்தார் எனலாம்.

சட்டத்திற்கு ஒரு கோடு தேவை. அதனின்றி நீதிமன்றம் நடவாது. ஆனால் சட்டத்தின் கோட்டையே தம் ஒழுக்கத்தின் கோடாகக் கொள்வோர்க்கு நாம் ஒன்று நினைவூட்டுவோம். இல்லறத்தார்க்கு இம்சையை நான்காகப் பகுத்தனர் நம் ஆசாரியர்கள். சமைப்பதிலும் பெருக்குவதிலும் நேர்வது, உழவு முதலிய தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது ஆகிய மூன்றையும் சாவகன் முழுவதும் தவிர்க்க இயலாது, குறைக்கவே இயலும். நான்காவதான, எண்ணித் துணிந்து செய்யும் சங்கற்ப இம்சையை மட்டும் அறவே விலக்க வேண்டும். ஏர் முனையில் புழு மடிவதற்கு வருந்துகிறோம். அந்த ஏரைப் பிடித்தவனைப் பிறப்பைச் சொல்லி ஏசுவது எவ்வகை? தொழிலில் தவிர்க்க முடியாதது என்று அதனைச் சொல்ல இயலுமா? இழிவுபடுத்தும் நோக்கத்தோடு என்று சட்டம் வரையறுப்பதும் சங்கற்பம் என்று நாம் சொல்வதும் ஏறத்தாழ ஒரே பொருள்.

நம்மில் சிலர் கோத்திர கர்மத்தை மேற்கோள் காட்டிப் பிறப்பின் உயர்வு தாழ்வுக்கு நியாயம் சொல்வதுண்டு. அவர்கள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தை மறுபடியும் படிப்பது நலம். நீச கோத்திரம் எதனால் விளைகிறது? பிறரைப் பழித்தலும் தன்னைப் புகழ்தலும் அதற்குக் காரணங்களாக அங்கே சொல்லப்பட்டுள்ளன. சுற்றிலும் யார் இருந்தனர் என்ற நிபந்தனையை உமாசுவாமி எழுதவில்லை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வந்த ஒன்றைச் சொல்வோம். ஆண்டையும் ஊரையும் விட்டுவிடுகிறோம். நாம் பெரம்பலூரில் இருந்தபோது நம் மைத்துனர் மகன் அப்பகுதியில் நிலம் வாங்கிப் பருத்தி பயிரிட்டு வந்தார். ஒருநாள் விடியற்காலை முதல் பேருந்தில் வந்து கதவைத் தட்டினார். கூலித் தகராறு, களையெடுத்த பெண்ணொருத்தி காவல் நிலையம் போய்விட்டாள், துணைக் கண்காணிப்பாளர் விசாரணைக்கு வரப்போகிறாராம், உடனே முன்ஜாமீன் எடுக்க நல்ல வக்கீல் வேண்டும் என்றார். காப்பி கொடுத்து உட்காரவைத்து, "நீ என்னப்பா சொன்னே அவளை?" என்று கேட்டோம்.

"எப்பவும் சொல்றதுதான் மாமா. புதுசா ஒண்ணும் சொல்லலை."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கள்ளமில்லை. அதுவே நம்மை மிகவும் அச்சுறுத்திற்று. அவர் வெங்காயம் உண்ணாதவர்; இரவு உணவு கொள்ளாதவர்; பர்வ நாட்களில் தவறாது உபவாசமிருப்பவர். வக்கீலிடம் போகுமுன் அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமே என்றோம். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். உறவினர் பலர் நம்மையே குறை கூறினர். நம் பையன் சிறைக்குப் போகும்போது தர்மம் பேசுகிறார்களே என்றனர். சிறிதளவு அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வழக்குப் பதிவான பின், புகார் கொடுத்தவளைத் தேடிப்போவது மிரட்டலாகவும் கொள்ளப்படும் என்பதை நாம் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

வக்கீல் திறமையானவர். வேலி போட்ட சொந்த நிலம், பொது இடம் அன்று என்று வாதிட்டார். அருகில் வேறு மூன்று பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தனர், அவர்கள் அவளுக்கு உறவினரும் அல்லர் என்று அரசுத் தரப்பு காட்டியது. தனியார் நிலமே ஆயினும் பிறர் கண்டும் கேட்டும் நிற்குமிடம் பொதுப்பார்வைக்கு உட்பட்டதே என்பது 2008-ஆம் ஆண்டு முதலே உச்ச நீதிமன்றம் காட்டிய வேறுபாடு. முன்ஜாமீன் மனு தள்ளுபடியாயிற்று. அவர் கைதானார். சில நாட்கள் கழித்து வழக்கமான பிணைக்கு மனுச் செய்தனர்.

2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 15-அ என்னும் பிரிவு உள்ளது. பிணை மனு உட்பட எந்த விசாரணையைப் பற்றியும் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும். அவர் சொல்வதை நீதிமன்றம் கேட்கவேண்டும். இது வெறும் சடங்கன்று, கட்டாயம் என்று 2021 அக்டோபர் 29-ஆம் நாள், இராஜஸ்தானக் கொலை வழக்கொன்றில், அறிவிப்பின்றி வழங்கிய பிணையையே உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. சிறையிலிருப்பவன் குரலை வக்கீல் சொல்கிறார். புகார் சொன்னவள் குரலைக் காகிதம் மட்டும் சொன்னால் தராசு சமனாகாது என்பதே இதன் கருத்து. காகிதத்தில் அவள் எப்போதும் எதிர்ப்பு மட்டுமே தெரிவிப்பாள். நேரில் வந்தால் என்ன சொல்வாள் என்பது யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண் வந்தாள். கைக்குழந்தையுடன் வந்து நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் காலை முதல் காத்திருந்தாள். நாமும் அங்கே இருந்தோம். அவளருகில் போக நமக்குத் துணிவில்லை. பிணை தரக்கூடாது என்று அவள் சொல்வாள் என்றே எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். நீதிபதி கேட்டபோது, அவர் வெளியே வரட்டும், அவர் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்றாள். தான் அந்தக் களத்துப் பாதையில்தான் வேறு நிலத்துக்கு வேலைக்குப் போகவேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் அங்கே நின்று பார்க்கக்கூடாது, அவ்வளவுதான் என்றாள்.

அப்பாதையைப் பற்றி இரு தரப்பு மனுக்களிலும் ஒரு வரிகூட இல்லை. அவள் வந்திராவிட்டால் நீதிமன்றத்திற்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. பிணை கிடைத்தது, மறு உத்தரவு வரும்வரை அந்த ஊருக்குள் செல்லலாகாது, வெளியூரில் தங்கி நாள்தோறும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை.

இந்த உத்தரவு அவளுக்கு உகந்ததாக அமைந்தது. அமையாதிருந்தால்? பிணை உத்தரவை எதிர்த்து 14-அ பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளையின் எல்லைக்குள் திருச்சி வருகிறது. பெரம்பலூரும் அரியலூரும் வருவதில்லை. அவ்விரு மாவட்டத்தாரும் சென்னைக்கே செல்லவேண்டும். 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. நாட்கூலிக்காரிக்கு இரண்டு நாட் கூலியும் பேருந்துக் கட்டணமும். நிலமுடையவனுக்கு அவ்வழி குறுகியது. இரு தரப்புக்கும் ஒரே சட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது இந்தப் பேருந்துக் கட்டணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

நிபந்தனைக் காலம் முழுவதும் அவர் நம் வீட்டிலேயே தங்கியிருந்தார். வேறு எங்கே போவார்? காலையில் பூஜை முடித்து, சிற்றுண்டி அருந்தி, 10 மணிக்கு நடந்து புறப்படுவார். காவல் நிலையத்தில் எழுத்தரின் மேசைக்கு முன் நின்று கையெழுத்திட்டுவிட்டுத் திரும்புவார். முதல் வாரம் எதுவும் பேசவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் உணவுக்கு உட்கார்ந்தவர், இலையைப் பார்த்தபடியே, அங்கே ஒரு காவலர் தம்மைப் பெயர் சொல்லாமல் 'யோவ், கையெழுத்து' என்றே அழைப்பதாகச் சொன்னார். தம் அத்தை அதைக் கேட்டு மிக வருந்தியதைக் கண்டு, பேச்சை நிறுத்திவிட்டார்.

பிறகு நாம் கேட்காமலேயே, அந்தப் பெண்ணின் பெயர் தமக்குத் தெரியாது என்றார். ஐந்து பருவம் அவர் நிலத்தில் வேலை செய்தவள். முதல் தகவல் அறிக்கையில்தான் அவள் பெயரை முதன்முதலாகப் படித்ததாகச் சொன்னார்.